மைதானத்து ஓரத்தில் ஒரு கேமரா
பிள்ளைகளின் கிரிக்கெட்டைப் படம் பிடிக்கப் பழகுவது எப்படி?

மும்பை ஆசாத் மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒரே வெளியில் 22 ஆடுகளங்கள். ஓர் ஆட்டத்தின் பந்து இன்னோர் ஆட்டத்துக்குள் ஓடுகிறது. இந்த அணியின் பையனும் அடுத்த ஆட்டத்தின் பையனும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எது எந்த அணி என்பது அங்கே ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அப்பாக்கள் நிற்கிறார்கள். வாரம் முழுவதும் பேரேட்டில் தலை கவிழ்ந்திருந்தவர்கள், லேத்து மெஷினில் நின்றவர்கள், வாசலில் காவல் இருந்தவர்கள். தாராவி, சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று எங்கெங்கோ இருந்து காலை ரெயிலைப் பிடித்து வந்தவர்கள். ஒரு தோளில் பையனின் கிரிக்கெட் பை. ஒரு கையில் செல்போன்.

பையன் மட்டையை வீசுகிறான். அப்பா பொத்தானை அழுத்துகிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் படத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி! "இவன்தான் நம்ம பையன்" என்று விரல் வைத்துக் காட்டினால்தான் அம்மாவுக்கே அடையாளம் தெரியும்.

குறை அப்பாவிடமும் இல்லை, போனிடமும் இல்லை. ஓடுகிற பிள்ளையைப் படம் பிடிப்பது ஒரு தொழில். அதற்கென்று சில முறைகள் இருக்கின்றன. தையல் பழகுவது போல, சைக்கிள் பழகுவது போல அதையும் பழகத்தான் வேண்டும். பழகினால் வரும்.

புள்ளியாகத் தெரிவது ஏன்?

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எல்லைக்கோட்டில் இருந்து ஆடுகளம் 50 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண செல்போன் கேமரா அந்தத் தூரத்தில் 65 முதல் 70 மீட்டர் அகலமுள்ள காட்சியைப் பிடிக்கும். உயரம் ஏறத்தாழ 50 மீட்டர். அதற்குள் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பையன் நிற்கிறான். படத்தின் உயரத்தில் முப்பதில் ஒரு பங்குகூட அவனுக்குக் கிடைக்காது. மீதி எல்லாம் வானமும் புழுதியும்தான்.

திரையில் இரண்டு விரலை விரித்துப் பெரிதாக்கினால் என்ன? பெரும்பாலான போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பையன் பெரிதாவான், முகம் கலங்கிப்போகும்.

லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில் 300 மி.மீ. லென்சைப் பொருத்தினால் கதையே வேறு. அதே 50 மீட்டரில், சாதாரண விலைக் கேமரா ஒன்று சுமார் 4 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள காட்சியை மட்டுமே எடுக்கும். பையன் படத்தில் பாதிக்கு மேல் நிற்பான். கண், பல், கையுறை எல்லாம் தெரியும்.

அதற்காக எல்லோரும் கடைக்கு ஓடவேண்டியதில்லை.

கடன் வேண்டாம்

படம் பிடிக்கப் பழகுவதற்கு முன்பே தவணையில் பெரிய கேமரா வாங்குவது, நீச்சல் பழகுவதற்கு முன்பே படகு வாங்குவது போன்றது. முதல் 2 மாதத்துக்குக் கையில் இருக்கும் போனே போதும். ஆனால் போனுக்கு ஏற்ற படத்தை எடுக்க வேண்டும்.

பையன் கால் காப்பு கட்டுகிறான். மட்டையில் டேப் சுற்றுகிறான். அணித்தலைவர்கள் டாஸ் போடுகிறார்கள். விக்கெட் விழுந்ததும் பையன்கள் ஓடி வந்து ஒருவன் முதுகில் ஒருவன் தொங்குகிறார்கள். தண்ணீர் இடைவேளை. ஸ்கோர் எழுதும் பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு பென்சில் சீவுகிறான். இவை எல்லாம் கிட்டத்தில் நடப்பவை. இவற்றுக்குச் செல்போனே நல்ல கேமரா.

2 மாதம் கழித்தும் ஆசை குறையாவிட்டால், பழைய கேமரா ஒன்றும் 70 - 300 மி.மீ. லென்ஸ் ஒன்றும் தேடலாம். வாங்குமுன் லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடலாம். பொத்தானை 20, 30 தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். எடுத்த படங்களைக் கடையிலேயே பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். அலுவலக நண்பர் யாரிடமாவது சும்மா கிடக்கும் கேமரா இருந்தால் ஒரு ஞாயிறு இரவல் கேட்பதிலும் தவறில்லை.

கண் முந்த வேண்டும்

பையன்களின் ஆட்டத்தில் வேகப்பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், அது வினாடிக்கு 25 மீட்டர். ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம். அதாவது 20 மீட்டருக்குச் சற்று அதிகம். பந்து கையை விட்டு மட்டைக்கு வர ஏறத்தாழ முக்கால் வினாடி.

கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்கு ஐந்தில் ஒரு பங்கு வினாடி போய்விடும். அதற்குள் பந்து 5 மீட்டர் கடந்துவிடுகிறது. "அடித்தான்" என்று கண்டு அழுத்துகிறவருக்குக் கிடைப்பது, அடித்து முடித்து நிற்கும் பையன்தான்.

ஆகவே, அடிக்குமுன் அழுத்த வேண்டும். எப்போது என்று எப்படித் தெரியும்? கால்தான் சொல்லும். பையன் முன்காலை எடுத்து வைத்து, மட்டையை மேலே தூக்கி, கீழே இறக்கத் தொடங்கும்போது அழுத்தினால் சரியாக இருக்கும். பந்து வீசுகிறவனை எடுப்பதானால், அவன் கடைசித் தாவலில் இரண்டு காலும் தரையை விட்டு எழும்போது அழுத்த வேண்டும்.

இதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த அப்பாவுக்கு, விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவரைவிட இதில் பாதி வேலை முன்னமே முடிந்தது.

ஷட்டர் வேகத்துக்கும் கணக்கு உண்டு. வினாடியில் 250-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால், 25 மீட்டர் வேகப் பந்து அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே 7 சென்டிமீட்டர்தான். படத்தில் பந்துக்குப் பதில் ஒரு கோடு விழும். 1000-ல் ஒரு பங்கு என்று வைத்தால் நகர்வு இரண்டரை சென்டிமீட்டர். பந்து பந்தாகத் தெரியும்.

எனவே பழகுகிறவர் மனப்பாடம் செய்யவேண்டிய எண் ஒன்றே ஒன்று: 1000. ஓட்டம், பீல்டிங் போன்றவற்றுக்கு 500 போதும். கேமராவின் மேலே உள்ள சக்கரத்தில் ஷட்டர் வேகத்தை மட்டும் தானே முடிவு செய்யும் வழி இருக்கும். அதில் 1000 வைத்துவிட்டால் துவாரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. எண் 200 போதும். மேகம் மூடினால் 800, 1600 என்று ஏற்ற வேண்டும். படத்தில் கொஞ்சம் குருணை விழுந்தாலும் பரவாயில்லை. பையன் கலங்கக் கூடாது.

எங்கே உட்காருவது?

நிழலைத் தேடி உட்காருகிறவர் படம் எடுக்க முடியாது. முகம் தெரியும் இடத்தைத் தேடி உட்கார வேண்டும்.

வலது கை ஆட்டக்காரன் நிற்கும்போது அவன் மார்பு பாயிண்ட் பக்கம் பார்த்திருக்கும். அவன் கவர் டிரைவ் அடிப்பதை எடுக்க எக்ஸ்ட்ரா கவர், லாங் ஆப் பக்கம் உட்கார வேண்டும். குனிந்து அடிக்கும் பையனின் கண்ணும் முழங்கையும் அங்கிருந்துதான் தெரியும். புல் அடிக்கிறவனை எடுப்பதானால் மிட்விக்கெட் பக்கம். இடது கைப் பையனுக்கு எல்லாம் தலைகீழ்.

பந்து வீசுகிறவன் முகம் வேண்டுமானால், மட்டை பிடிக்கிற பையனுக்குப் பின்புறம், கீப்பருக்கு ஒரு பக்கமாக எல்லைக்கோட்டுக்கு வெளியே. ஆனால் அவனது கைக்கு நேர் பின்னால், வெள்ளைத் திரைக்கு முன்னால் மட்டும் யாரும் போகக் கூடாது. அங்கே ஒருவர் அசைந்தால் ஆடுகிற பையனுக்குப் பந்து தெரியாது. நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். இடம் மாறுவதெல்லாம் ஓவர் முடிந்த பிறகுதான்.

நின்றுகொண்டு எடுத்தால் பிள்ளைகள் குள்ளமாகத் தெரிவார்கள். பின்னால் வெறும் தரைதான் விழும். ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, பையனின் நெஞ்சு உயரத்துக்குக் கேமராவை இறக்க வேண்டும். பேண்டில் செம்மண் ஒட்டும். ஒட்டட்டும். அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் 12 வயதுப் பையன் டெஸ்ட் ஆட்டக்காரனைப் போல நிமிர்ந்து நிற்பான்.

ஆசாத் மைதானம் போன்ற இடங்களில் பின்னணிதான் பெரும் தொல்லை. பையனின் தலைக்குப் பின்னால் அடுத்த ஆட்டத்தின் நடுவர் கொம்பு முளைத்தது போல நிற்பார். இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தால் அவர் மறைந்துவிடுவார். நீள லென்சில் துவாரத்தை முழுவதும் திறந்து வைத்தால் பின்னால் நிற்பவர்கள் கலங்கிப்போவார்கள். பையன் மட்டும் பளிச்சென்று நிற்பான்.

வெள்ளைச் சட்டை ஏமாற்றும்

கிரிக்கெட் உடை வெள்ளை. கேமராவுக்கு வெள்ளை என்றால் மயக்கம். "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணிக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். சட்டை சாம்பல் நிறமாகும். நம் பிள்ளைகளின் மாநிறமும் கருப்பும் இன்னும் இருண்டு, முகமே இல்லாமல் போகும்.

மாற்று எளிது. கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குறி ஒன்று உண்டு. அதில் முக்கால் அளவோ ஒன்றோ கூட்டி வைக்க வேண்டும். செல்போனில் பையனின் முகத்தின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். சட்டை கொஞ்சம் வெளுத்தாலும் முகம் தெரிய வேண்டும். படம் முகத்துக்காகத்தான்.

நேரமும் பார்க்க வேண்டும். காலை 10 மணிக்கு மேல் மாலை 3 மணி வரை வெயில் உச்சந்தலையில் விழும். ஹெல்மெட்டுக்கும் தொப்பிக்கும் கீழே கண் இருண்ட குழியாகிவிடும். ஆட்டம் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமும், முடியும் கடைசி ஒரு மணி நேரமும் தங்கம். சாய்ந்த வெயில் தொப்பிக்குக் கீழே புகுந்து முகத்தைத் தொடும்.

வலைப் பயிற்சியே பள்ளிக்கூடம்

கிரிக்கெட் படங்களில் உலகப் புகழ் பெற்ற ஒன்று, ஆஸ்திரேலிய வீரர் விக்டர் டிரம்பர் ஒரு காலை நீட்டிப் பாய்ந்து மட்டையை ஓங்கும் படம். அதை எடுத்தவர் ஜார்ஜ் பெல்டாம். அவர் மிடில்செக்ஸ் அணிக்கு ஆடியவர். சி.பி. பிரை என்பவருடன் சேர்ந்து 1905-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் படம் இடம் பெற்றது.

பலருக்குத் தெரியாத சேதி, அது ஆட்டத்தின் நடுவே எடுத்தது அல்ல என்பதுதான். படத்துக்காகவே டிரம்பரை அடிக்கச் சொல்லி, பெல்டாம் கிட்ட இருந்து எடுத்தது. அந்தக் காலத்துக் கேமராவை வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து அப்படி எடுக்க முடியாது. பெல்டாமுக்கு அது தெரியும். அதனால் ஆட்டத்தைத் தன் பக்கத்தில் வரவழைத்தார்.

பழகுகிறவருக்கும் அதுவே வழி. போட்டி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வலைப் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போகலாம். கோச்சிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வலைக்கு வெளியே நின்று எடுக்கலாம். லென்சை வலையோடு ஒட்டிப் பிடித்து, துவாரத்தை முழுவதும் திறந்தால் வலையின் கயிறு படத்திலேயே விழாது. ஒரு பையன் 10 நிமிடத்தில் 30, 40 பந்து ஆடுவான். பையனும் அதே இடத்தில், பந்தும் அதே இடத்தில். போட்டியில் ஒரு நாள் முழுவதும் கிடைக்காத வாய்ப்பு அரை மணி நேரத்தில் கிடைக்கும். விரலுக்கு முன்கூட்டி அழுத்தும் பழக்கம் வருவது இங்கேதான்.

36 படத்துக்குள் முடிக்க வேண்டும்

ஒரு காலத்தில் பிலிம் சுருளில் 36 படம். பெட்டிக் கேமராவில் 12. அதற்கு மேல் இல்லை. நீலகிரியில் உதகமண்டலத்தில் 1960-ல் அமைக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பியது. கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதில் பதிந்தன. காசு கொடுத்து வாங்கிய சுருள் என்பதால் ஒவ்வொரு படத்தையும் எண்ணித்தான் எடுத்தார்கள். அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. எண்ணி எடுக்கும் பழக்கமும் போயிற்று.

இப்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் வினாடிக்கு 10 படம் விழுகிறது. மாலையில் ஆயிரம் படம் இருக்கும். பார்க்கப் பொறுமை இருக்காது. ஒன்றும் கற்றிருக்கவும் முடியாது.

1960 டிசம்பர் 14-ந் தேதி பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவும் மேற்கு இந்தியத் தீவும் ஆடிய டெஸ்டில், கடைசி ஓவரின் 7-வது பந்தில் ஜோ சாலமன் எறிந்த பந்து ஸ்டம்பைச் சாய்த்தது. ஆட்டம் வெற்றி தோல்வி இன்றி சம எண்ணிக்கையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அந்தக் கணத்தைப் படம் எடுத்தவர் 'தி ஏஜ்' நாளேட்டின் ரான் லோவிட். அவரிடம் அப்போது மிச்சம் இருந்தது ஒரே ஒரு தகடு! ஓவரில் விக்கெட்டுகள் விழுந்தபோதும் அதைத் தொடாமல் வைத்திருந்தார். கடைசிக் கணத்துக்கு அழுத்தினார்.

பழகுகிறவர் ஓர் ஆட்டத்துக்கு 36 என்று தனக்குத்தானே கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரவில் உட்கார்ந்து அதில் 5 படம் மட்டும் பொறுக்க வேண்டும். மீதி 31 ஏன் தவறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். விரல் தாமதமா? முகம் இருட்டா? பின்னால் யாராவது நின்றாரா? 4 ஞாயிறு இப்படிச் செய்தால் 5-வது ஞாயிறு படம் பேசும்.

பந்து வருகிறது, பார்!

கேமராவுக்குள் கண்ணை வைத்தவருக்கு அக்கம்பக்கம் தெரியாது. மும்பை மைதானங்களில் அது ஆபத்து.

பெரியவர்கள் ஆடும் தோல் பந்து 160 கிராம் எடை. 13 வயதுக்கு உட்பட்டோர் ஆடுவது 133 முதல் 144 கிராம். சிறியது என்று எண்ண வேண்டாம், அதுவும் கல்தான். 2024 ஜனவரியில் மாட்டுங்கா தட்கர் மைதானத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஓர் ஆட்டத்தில் பீல்டிங்கில் நின்ற 52 வயதுக்காரர், பக்கத்து ஆட்டத்தில் இருந்து பறந்து வந்த பந்து தலையில் பட்டு உயிர் இழந்தார். தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதியில் நடந்த துயரம் அது.

ஆகவே சில விதிகளை மீறவே கூடாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே குறைந்தது நாலைந்து அடி தள்ளித்தான் உட்கார வேண்டும். அடுத்த ஆட்டத்தின் ஆடுகளம் முதுகுப் பக்கம் வரும்படி உட்காரக் கூடாது. பெரியவர்கள் ஆட்டம் பக்கத்தில் நடந்தால் அங்கே உட்காரவே வேண்டாம். "பால்!" என்று யார் கத்தினாலும், எந்த மொழியில் கத்தினாலும், முதலில் தலையைக் கையால் மூட வேண்டும், பிறகு பார்க்கலாம். சிறு குழந்தைகளைக் கூட அழைத்து வந்திருந்தால், ஒருவர் படம் எடுக்கும்போது இன்னொருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினோராவது ஆட்டக்காரன்

ஆசாத் மைதானத்தில் 1988 பிப்ரவரியில் ஹாரிஸ் கேடயப் போட்டியில் இரண்டு பள்ளிப் பையன்கள் ஆட்டம் இழக்காமல் 664 ரன் சேர்த்தார்கள். ஒருவர் சச்சின் டெண்டுல்கர், 326. மற்றவர் வினோத் காம்ப்ளி, 349. அதே கேடயத்துக்காக 2013 நவம்பரில் பிரித்வி ஷா என்ற பையன் 546 ரன் குவித்தார். 2016 ஜனவரியில் கல்யாணில் ஆட்டோ ரிக்சா ஓட்டுபவரின் மகன் பிரணவ் தனவாடே, பள்ளிகளுக்கான பண்டாரி கோப்பைப் போட்டியில் 1009 ரன் எடுத்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். உத்தரப்பிரதேசத்தில் இருந்து சிறுவனாக வந்து, ஆசாத் மைதானத்தின் கூடாரத்தில் தங்கி ஆடிய யஷஸ்வி ஜெய்ஸ்வால், 2023-ல் தன் முதல் டெஸ்டிலேயே 171 ரன் அடித்தார்.

பிழைக்க வந்த குடும்பத்துக்கு இந்தக் கதைகள் இனிக்கும். நம் பையனும் ஒரு நாள் என்று தோன்றும். தோன்றுவதில் பிழை இல்லை.

ஆனால் அன்று அந்த ஆட்டங்களில் வேறு பையன்களும் இருந்தார்கள். 664 ரன்னுக்கும் வெயிலில் ஓடிப் பந்து பொறுக்கிய 11 பேர் இருந்தார்கள். கால் காப்பு கட்டிக்கொண்டு, தன் முறை வரும் என்று நாள் முழுக்கக் காத்திருந்து, கடைசி வரை ஆடாமலே அவிழ்த்த பையன் இருந்தான். அவர்களைப் படம் எடுப்பது யார்?

பத்திரிகைக்காரர்கள் சாதனை செய்தவனைத் தேடி வருவார்கள். அது அவர்கள் தொழில். 3 ரன் எடுத்த பையனைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அவனுக்கு இருப்பது எல்லைக்கோட்டு ஓரத்தில் நிற்கும் யாரோ ஒருவரின் அப்பாதான்.

கேமரா பழகிய அப்பா ஒரு காரியம் செய்யலாம். ஒரு தாளில் அணியின் 11 பெயரையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 12-வது ஆளையும் சேர்த்தால் 12. ஆட்டம் முடிவதற்குள் ஒவ்வொரு பெயருக்கும் நல்ல படம் ஒன்று. எடுத்ததும் ஒரு டிக். 10 பேருக்குக் கிடைத்து ஒருவனுக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த ஞாயிறு அவனிடம் இருந்து தொடங்க வேண்டும்.

இதில் அப்பாவுக்கும் லாபம் உண்டு. 11 பையன்களையும் கவனிக்கிறவருக்குத் தன் பையன் ஆட்டம் இழந்த கோபம் பாதி குறைந்துவிடும். "ஏண்டா அந்தப் பந்தை அடிச்சே?" என்று ரெயிலில் திட்டிக்கொண்டே போகும் அப்பா, "உன் சிநேகிதன் பிடித்த கேட்சைப் பார்" என்று படத்தைக் காட்டிக்கொண்டு போவார்.

அழுகிற பிள்ளையும் பிறர் பிள்ளையும்

முதல் பந்திலேயே போல்டான பையன் மட்டையை இழுத்துக்கொண்டு வருவான். கண்ணில் நீர் நிற்கும். அது உருக்கமான படம்தான். ஆனால் அது அவனுடையது. எடுத்தாலும் அதை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. பள்ளியில் ஒரு வருடம் அவனைக் கேலி செய்ய அது ஒன்று போதும். பையன் பெரியவனாகி, அவனே சிரித்துக்கொண்டு கேட்டால் கொடுக்கலாம்.

மற்றவர் பிள்ளையைப் படம் எடுக்குமுன் கோச்சிடமும், பெற்றோர் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுவது மரியாதை. பெண் பிள்ளைகளின் ஆட்டமாக இருந்தால் கேட்காமல் கேமராவைத் தூக்கவே கூடாது. எடுத்ததும் திரையைக் காட்டினால் சந்தேகம் தீரும். மராட்டியக் குடும்பமோ, குஜராத்திக் குடும்பமோ, தங்கள் பிள்ளையின் நல்ல படத்தைக் கண்டதும் டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார்கள். படத்தோடு பையனின் பெயர், பள்ளி, வீட்டு முகவரி எல்லாம் சேர்த்து ஊருக்கு அறிவிப்பது மட்டும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அரை சதம் அடித்த பையன் மட்டையைத் தூக்கும்போது முதலில் தேடுவது அப்பாவின் முகத்தை. அங்கே முகத்துக்குப் பதில் கருப்பாக ஒரு பெட்டி இருந்தால் அவனுக்கு ஏமாற்றம்தான். ஒரு படம் எடுத்ததும் கேமராவை இறக்கிவிட வேண்டும். கை தட்ட இரண்டு கை வேண்டும்.

மழைக்காலப் பகை

1948-ல் தொடங்கிய காங்கா லீக், மும்பையின் மழைக்கால ஆட்டம் என்று பெயர் பெற்றது. மழையில் ஆட்டக்காரர்கள் தேறுவார்கள். கேமரா தேறாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் உள்ள ஈரம் லென்சுக்குள் பூஞ்சையை வளர்த்துவிடும். துணிப் பீரோவுக்குள்ளும் தோல் உறைக்குள்ளும் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து. இதுவே போதும். மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சம் காட்ட வேண்டும். மைதானத்தில் தூறினால் பெரிய பாலிதீன் பையில் லென்சுக்கு ஒரு துளை போட்டு மாட்டிக்கொள்ளலாம். புழுதியை வாயால் ஊதக் கூடாது. எச்சில் பட்டால் கறை. சிறு ரப்பர் ஊதியும் மென்மையான துணியும் போதும்.

பின்பக்கத்தில் எழுத வேண்டியது

போன் தொலையும். பழுதாகும். அதோடு படமும் போகும். வாரம் ஒருமுறை வேறோர் இடத்தில் நகல் வைக்க வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதன் அளவு சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் குறையாது. ஸ்டூடியோவில் பிரிண்டு போட அதைத்தான் கொடுக்க வேண்டும்.

வருடத்துக்கு ஐந்தாறு படமாவது 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் அளவில் காகிதத்தில் போட்டுவிடுவது நல்லது. ஒரு பிரதி வீட்டுக்கு. ஒரு பிரதி ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு. பேரன் எப்படி வளர்கிறான் என்று வருடத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறவர்கள் அவர்கள்.

பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தாமல் எழுத வேண்டும்: தேதி, மைதானம், எந்த அணிக்கு எதிராக, எத்தனை ரன், பக்கத்தில் நிற்கும் பையன்கள் யார் யார். இன்று எல்லோர் பெயரும் நினைவில் இருக்கிறது. 10 வருடம் போனால் பாதி மறந்துவிடும்.

பெரும்பாலான பையன்கள் பத்தாம் வகுப்பு வந்ததும் மட்டையைப் பரண் மேல் போட்டுவிடுவார்கள். டியூஷன், பரீட்சை, பிறகு வேலை. கால் காப்பு சிறுத்துவிடும். வெள்ளைச் சட்டை தம்பிக்குப் போய், பிறகு துடைக்கும் துணியாகும். ஸ்கோர் நோட்டு பழைய பேப்பர்காரனிடம் போகும். அதில் அவன் கணக்கு 3 ரன், ஒரு கேட்ச், அவ்வளவுதான்.

அந்தக் கேட்சுக்காக அவன் இரண்டு காலும் தரையில் படாமல், கையை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு காற்றில் கிடந்த கணம் எந்த நோட்டிலும் இராது. யாரோ ஒருவர் மண்ணில் முழங்காலை ஊன்றி, பந்து வருமுன்பே பொத்தானை அழுத்தியிருந்தால் மட்டும்தான் அது மிஞ்சும்.